உபகாரமா, சம்பளமா?

பென்ஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் நாட்டில் ‘உபகாரச் சம்பளம்’ என்று பெயர் வழங்கி வந்திருக்கிறது. இப்பெயரிலுள்ள இரண்டு சொற்களும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பதைப் பலர் கவனிப்பதில்லை. உபகாரம் என்பது கொடுப்பவனுடைய மனத்தைப் பொறுத்தது. இன்று கொடுப்பான், நாளை நிறுத்துவான், ஏன் நிறுத்தினாய் என்று கேட்க எவருக்கும் பாத்தியம் இல்லை. சம்பளமோ உழைத்தவனுடைய பாத்தியம். அதைக் கொடுக்க மறுப்பவன் கடனாளி. கொடுக்காமல் ஏமாற்றுபவன் மோசக்காரன். முதியவர்களுக்கும் அங்கவீனர்களுக்கும் சர்க்கார்கள் மாதந்தோறும் அளிக்கும் தொகை இவ்விரண்டில் எதைச் சேர்ந்தது? இதுவே நாம் இன்று ஆராய விரும்பும் விஷயம்.

ஒரு மனிதன் தான் பிறந்த தேசத்திலேயே உழைத்து, அங்கேயே மூப்படைந்து, அங்கேயே மடிவானாகில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. அவன் ஒரு தேசத்தில் உழைத்துவிட்டு இன்னொரு தேசத்தின் பிரஜையாகவும் ஆகும்போதுதான் சர்க்காரின் உண்மையான எண்ணம் வெளிப்படுகிறது. ‘நீ உழைத்ததற்காகக் கொடுக்கிறேன்’ என்று சொல்லி வந்த சர்க்கார், ‘நீ என்னவனாக இருப்பதற்காகக் கொடுத்தேன்’ என்று அப்பொழுது பேச்சை மாற்றிக்கொள்ளக் கூடும். பொன்னுக்கு உரைகல் எப்படியோ, உபகாரச் சம்பளத்துக்கு இரட்டைப் பிரஜா உரிமை அப்படி.

இவ்விஷயத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவத்தை விடப் பயன்தரும் பாடம் வேறில்லை. பல தேசத்து மக்கள் குடியேறிப் பெருகிய நாடு அது. அங்கே 1935-ஆம் ஆண்டில், ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் காலத்தில், ‘சோஷல் செக்யூரிட்டி’ என்னும் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. அதன்படி தொழிலாளியின் ஊதியத்தில் நூற்றுக்கு 6.2 பங்கு இன்று வரியாகப் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே அளவு செலுத்துகிறான். ஏறக்குறைய பத்து வருஷ உழைப்புக்குச் சமமான நாற்பது காலாண்டுக் கணக்குச் சேர்ந்துவிட்டால், முதுமையில் மாதச் சம்பளம் பெற யோக்கியதை ஏற்படுகிறது. வரி பிடிக்கும்போது, ‘நீ எந்தத் தேசத்துப் பிரஜை?’ என்று பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. கொடுக்கும்போது மட்டும் அந்தக் கேள்வி பிறக்கிறது.

முதலில் ஒரு வீண் அச்சத்தைப் போக்கிவிடுவோம். அமெரிக்கப் பிரஜை ஒருவர் இன்னொரு தேசத்தின் பிரஜா உரிமையையும் பெற்றுவிட்டால் அவருடைய முதுமைச் சம்பளமோ, உழைத்துக் கட்டிய வரியினால் கிடைக்கும் அங்கவீனச் சம்பளமோ அக்காரணம் பற்றி நின்றுவிடாது. அவர் கடல் கடந்து வசித்தாலும் அத்தொகை பொதுவாக வந்து சேரும். இரண்டாவது பாஸ்போர்ட்டு வந்ததனால் எவரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. முதலாவது பாஸ்போர்ட்டு போய்விட்டால்தான் ஆபத்து ஆரம்பமாகிறது.

ஆனால் இந்த நிலைமையும் ஒரு நாளில் ஏற்பட்டதன்று. வேறு தேசத்தின் தேர்தலில் வோட்டுப் போட்ட குற்றத்துக்காகவே ஓர் அமெரிக்கனுடைய பிரஜா உரிமையைப் பறிக்கலாம் என்று 1958-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஒன்பது வருஷங்களுக்குப் பின் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. போலந்தில் பிறந்து, 1926-ல் அமெரிக்கப் பிரஜையான அஃப்ரோயிம் என்ற சித்திரக்காரர் 1950-ல் இஸ்ரேலுக்குச் சென்றார். அடுத்த வருஷம் அங்கே தேர்தலில் வோட்டளித்தார். 1960-ல் அவர் தம் அமெரிக்கப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கேட்டபோது, ‘நீர் இனி எம் பிரஜையல்லர்’ என்ற பதில்தான் கிடைத்தது. அவர் விடவில்லை. 1967-ல், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், பிரஜை தானே மனமொப்பித் துறந்தாலன்றி அவனுடைய பிரஜா உரிமையை சர்க்கார் பறிக்க முடியாது என்று கோர்ட்டு கூறிற்று. துறக்கும் எண்ணம் உண்மையில் இருந்ததென்பதை சர்க்காரே ரூபிக்க வேண்டும் என்று 1980-ல் இன்னொரு வழக்கில் முடிவாயிற்று. வேறொரு தேசத்தில் பிரஜையாகி வழக்கமான விசுவாசப் பிரமாணம் செய்வதனால் மட்டும் பழைய உரிமையை விட எண்ணினார் என்று கொள்வதில்லை என 1990-ல் அந்நாட்டு வெளிநாட்டு இலாகாவும் ஏற்றுக்கொண்டது.

பிரஜையாக இருப்பவனுக்கு இவ்வளவு காவல். பிரஜையல்லாதவனுடைய கதி என்ன? பல்கேரியாவிலிருந்து 1913-ல் அமெரிக்காவுக்குக் குடியேறிய நெஸ்டர் என்பவர் நாற்பது வருஷங்களுக்கு மேல் அங்கே வாழ்ந்தார். சமூகப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கிய காலமுதல் அவருக்காக வரி கட்டப்பட்டு வந்தது. 1955-ல் அவர் முதுமைச் சம்பளத்துக்குத் தகுதி பெற்றார். மாதம் 55 டாலர் 60 சென்ட். அடுத்த வருஷமே அவரை நாடு கடத்தினார்கள். 1933 முதல் 1939 வரையில் அவர் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்தார் என்பதே காரணம். அவர் அங்கம் வகித்த காலத்தில் அக்கட்சியில் சேருவது சட்ட விரோதமாக இருக்கவில்லை! நாடு கடத்தியதோடு அவருடைய சம்பளமும் நின்றது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1960-ல், ஐவருக்கு நால்வர் என்று, சர்க்கார் செய்தது செல்லும் எனத் தீர்ப்பாயிற்று. தொழிலாளி வரி கட்டியதனாலேயே சம்பளம் அவனுடைய சொத்தாகிவிடாது. சட்டசபை மாற்ற நினைத்தால் மாற்றலாம் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

அவ்வழக்கில் மாறுபட்ட நால்வருள் ஒருவர் நீதிபதி ஹியூகோ பிளாக். ஏழு வருஷங்கள் கழித்து அஃப்ரோயிம் வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவரும் அவரே. பிரஜா உரிமையைப் பறிக்க முடியாது என்ற அவர் கொள்கை வென்றது. உழைத்தவனுடைய முதுமைச் சம்பளத்தைப் பறிக்கலாகாது என்ற அவர் கொள்கை தோற்றது. தோற்ற கொள்கை இன்றளவும் தோற்றே கிடக்கிறது. நெஸ்டர் வழக்கின் தீர்ப்பு இன்னும் ரத்தாகவில்லை. பெயரில் என்ன எழுதியிருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அந்தத் தொகை சம்பளத்தை விட உபகாரத்துக்கே நெருங்கியது என்பதுதான் இதன் பொருள்.

இனிப் படைவீரர் விஷயத்தைப் பார்ப்போம். இங்கே சட்டம் இரண்டு குரலில் பேசுகிறது. நிரந்தரப் படையில் இருபது வருஷத்துக்கு மேல் சேவை செய்து ஓய்வு பெற்ற அமெரிக்க அதிகாரி உண்மையில் படையை விட்டு அடியோடு நீங்கிவிடுவதில்லை. சர்க்கார் விரும்பினால் அவரை மறுபடியும் வேலைக்கு அழைக்கலாம். ஆகவே அவர் அமெரிக்கப் பிரஜா உரிமையை இழந்தால் ஓய்வுச் சம்பளமும் பொதுவாக நின்றுவிடுகிறது. இரண்டாவது பிரஜா உரிமையைப் பெறுவது மாத்திரம் அதற்குப் போதிய காரணம் அன்று. ஆனால் அந்த இரண்டாவது தேசத்தின் சர்க்காரில் சம்பளத்துக்கு உத்தியோகம் ஏற்பதானால், அந்நாட்டு அரசியல் சட்டத்தின்படி முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். பெறாவிடில் ஓய்வுச் சம்பளத்தைப் பிடித்தம் செய்வார்கள்.

யுத்தத்தில் கையோ காலோ இழந்தவருக்கு அளிக்கும் நஷ்ட ஈடு வேறு வகை. அதற்குப் பிரஜா உரிமை நிபந்தனையன்று. அவர் எங்கே வசித்தாலும் பெறலாம். பிரஜையாகாமலே அமெரிக்கப் படையில் சேர்ந்து அடிபட்டவருக்கும் அது உண்டு. இதில் நாம் ஒரு நியாயத்தைக் காண்கிறோம். போன கால் எந்தப் பாஸ்போர்ட்டாலும் திரும்பி முளைப்பதில்லை. இழப்பு நிரந்தரமானால் ஈடும் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பதை அச்சட்டம் ஒப்புக்கொள்கிறது.

ஆயினும் அந்த நியாயம் எல்லாருக்கும் கிட்டிற்றா? பிலிப்பைன் தீவினரைக் கேட்க வேண்டும். அத்தீவுகள் அமெரிக்க ஆதிக்கத்தில் இருந்த காலம். 1941 ஜூலையில் ரூஸ்வெல்ட் பிலிப்பைன் படையை அமெரிக்கச் சேவைக்கு அழைத்தார். 2 லட்சத்துக்கு மேற்பட்ட பிலிப்பினோக்கள் அமெரிக்கக் கொடியின் கீழ் ஜப்பானியரோடு போர் புரிந்தார்கள். பட்டான் தீபகற்பத்தில் பசியிலும் நோயிலும் மடிந்தவர் பலர். யுத்தம் முடிந்தது. 1946 பிப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. அந்தச் சேவையில் பெரும்பகுதி, யுத்த வீரர்களுக்குரிய சலுகைகளைப் பொறுத்தமட்டில் அமெரிக்கப் படையின் சேவையாகக் கருதப்பட மாட்டாது என்றது அச்சட்டம். அங்கவீன நஷ்ட ஈடு மட்டும் கிடைத்தது. அதுவும் ஒரு டாலருக்கு ஒரு பெஸோ என்ற கணக்கில், அதாவது பாதி விலையில்! கையெழுத்திட்ட ஜனாதிபதி ட்ரூமனே இவர்களுக்குச் செய்ய வேண்டிய தார்மிகக் கடமை இதனால் தீர்ந்துவிடவில்லை என்று கூற நேர்ந்தது.

கடமை தீர எத்தனை காலம் ஆயிற்று? 1990-ல்தான் அவ்வீரர்கள் தங்கள் யுத்த சேவையைக் காட்டி அமெரிக்கப் பிரஜைகளாக வழி திறந்தது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம், அமெரிக்காவில் முறையாக வசிப்போருக்கு அங்கவீன ஈட்டை முழு வீதமாக்கிற்று. தம் தீவிலேயே தங்கிவிட்டவர்களுக்கு அவ்வுயர்வு இல்லை. 2009-ல் உயிரோடிருந்தவர்களுக்கு ஒரே தடவையாக ஒரு தொகை வழங்கினார்கள். அமெரிக்கப் பிரஜையானவருக்கு 15,000 டாலர். ஆகாதவருக்கு 9,000 டாலர். ஒரே படையில், ஒரே காட்டில், ஒரே பகைவனுடைய குண்டை எதிர்நோக்கி நின்ற இருவரில் ஒருவருடைய உயிருக்கு 6,000 டாலர் குறைவான மதிப்பு! 2003-ல் பிலிப்பைன் சர்க்கார் இரட்டைப் பிரஜா உரிமையை அனுமதித்துச் சட்டம் செய்தது. ஆகவே, இரண்டு தேசத்துக்கும் பிரஜையான கிழவர் பெருந்தொகையும், தன் தேசத்தை மட்டுமே நம்பியிருந்த கிழவர் சிறுதொகையும் பெற்றார்கள். தேசபக்திக்குச் செய்யப்பட்ட மரியாதை இது என்று எவரேனும் சொல்லத் துணிவாரா?

பிரஜா உரிமையைப் போலவே வாசஸ்தலமும் ஒரு பொறி. பிரஜையல்லாதவர் ஆறு மாத காலம் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் முதுமைச் சம்பளம் நின்றுவிடும் என்பது பொது விதி. நாற்பது காலாண்டு உழைத்தவர், பத்து வருஷம் அங்கே வசித்தவர், உடன்படிக்கை செய்துகொண்ட தேசத்தவர் ஆகியோருக்குப் பல விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அவருடைய விதவையோ பிரஜையல்லாதவளாய், அமெரிக்காவில் அந்த உறவோடு ஐந்து வருஷம் வசிக்காதவளாய் இருந்தால், கடல் கடந்த ஊரில் அவளுக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. உழைத்தவன் அக்கரையில் இருக்க, குடும்பத்தைக் காத்தவள் இக்கரையில் இருந்தாள். அதுவே அவள் குற்றமாகிறது. மேலும், வெளிநாட்டில் வசிக்கும் பிரஜையல்லாதவருடைய சம்பளத்தில், உடன்படிக்கை விலக்கு இல்லாதவிடத்து, நூற்றுக்கு 25.5 பங்கை வரியாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

பிரஜைகளுக்கும் சில கதவுகள் மூடியவைதாம். ஏழைகளான முதியோருக்கும் அங்கவீனருக்கும் பொதுப் பணத்திலிருந்து தரும் துணை உதவி, நாட்டை விட்டு முப்பது நாள் நீங்கினால் நின்றுவிடும். மெடிக்கேர் என்னும் வைத்திய வசதி கடல் கடந்து பொதுவாக வருவதில்லை. கியூபாவிலும் வடகொரியாவிலும் வசிப்போருக்குச் சம்பளம் அனுப்பப்படுவதில்லை. பிரஜையானால் அங்கிருந்து வெளியேறிய பின் நின்ற தொகையைக் கேட்டு வாங்கலாம். பிரஜையல்லாதவருக்கு அந்த மாதங்கள் போனது போனதுதான்.

இரண்டு தேசத்தில் உழைத்தவருக்கு இன்னொரு தண்டனையும் இருந்தது. வேறு தேசத்திலிருந்து பென்ஷன் வந்தால், அதைக் காட்டி அமெரிக்கச் சம்பளத்தைக் குறைக்கும் விதியொன்றை 1983-ல் ஏற்படுத்தினார்கள். உள்நாட்டு ஆசிரியர்களும் போலீஸ்காரர்களும் கூட அதனால் பாதிக்கப்பட்டு நெடுங்காலம் போராடினார்கள். 2025 ஜனவரி 5-ந் தேதி அவ்விதி ரத்தாயிற்று. கிளர்ச்சி செய்தால் கல்லும் கரையும் என்பதற்கு இது ஓர் அத்தாட்சி.

இவையெல்லாம் அயலார் கதை என்று நம்மவர்கள் இருந்துவிட முடியாது. இந்தியாவின் 1955-ஆம் ஆண்டுப் பிரஜா உரிமைச் சட்டப்படி, வேறு தேசத்தின் பிரஜையாகிறவர் அக்கணமே இந்தியப் பிரஜா உரிமையை இழக்கிறார். 2005 முதல் வழங்கப்படும் ‘ஓ.ஸி.ஐ.’ அட்டை நீண்ட வாசத்துக்கு வசதி தருமேயன்றி இரண்டாவது பிரஜா உரிமையாகாது. ஆகவே அமெரிக்காவில் உழைக்கும் தமிழர், இந்தியராகவே இருந்து அந்நியருக்குரிய விதிகளில் அகப்படுவதா, அமெரிக்கராகித் தாய்நாட்டு உரிமையைத் துறப்பதா என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். எச்-1பி விசாவில் செல்லும் நம் இளைஞர்கள் பொதுவாக ஆறு வருஷம் வரையில்தான் அங்கே இருக்கலாம். சம்பளம் பெறவோ பத்து வருஷ உழைப்பு வேண்டும்! இரண்டு தேசத்து உழைப்பையும் ஒன்றாகக் கூட்டிக் கணக்கிடும் உடன்படிக்கையை அமெரிக்கா 1978-ல் இத்தாலியோடு அமலுக்குக் கொண்டு வந்து, பின்னர் பல தேசங்களோடு விரித்தது. இந்தியாவோடு அத்தகைய உடன்படிக்கை இல்லாததால், ஆறு வருஷம் உழைத்துத் திரும்பும் தமிழன் கட்டிய வரி அந்நாட்டு நிதியோடு ஐக்கியமாகிவிடுகிறது.

வேறு வழியே இல்லையென்று எவரும் சொல்ல வேண்டாம். யாழ்ப்பாணத் தமிழர் பெருந்தொகையாய்க் குடியேறிய கனடாவைப் பாருங்கள். 1977 முதல் அந்நாடு இரட்டைப் பிரஜா உரிமையை அனுமதிக்கிறது. அதன் முதுமைச் சம்பளம் அங்கே வாழ்ந்த வருஷங்களைக் கணக்கிட்டுத் தரப்படுகிறது. பதினெட்டு வயதுக்குமேல் பத்து வருஷம் முறையாக வாழ்ந்திருந்தால் அங்கேயே பெறலாம். இருபது வருஷம் வாழ்ந்தவர் எத்தேசத்துக்குப் போனாலும் பெறலாம். நாற்பது வருஷத்துக்கு முழுத்தொகை. எத்தனை பாஸ்போர்ட்டு என்பது கணக்கில் சேராது. ஆனால் வாசஸ்தலத்தைப் பார்ப்பதிலும் அநீதி நுழையலாம் என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. அங்கே உழைத்து முதுமைச் சம்பளம் பெறுபவர் அமெரிக்காவிலோ பிலிப்பைனிலோ குடியிருந்தால் அது வருஷந்தோறும் உயரும். இந்தியாவிலோ கனடாவிலோ குடியிருந்தால் முதலில் கிடைத்த தொகையிலேயே உறைந்துவிடும். பிரிட்டிஷ் பிரஜையானாலும் இதே கதிதான்.

‘தேசத்தின் பணம் தேசத்துக்கு விசுவாசமானவர்களுக்கே போய்ச் சேர வேண்டாமா?’ என்று சிலர் கேட்கலாம். வரி வசூலில் இராத விசுவாசப் பரீட்சை சம்பள விநியோகத்தில் மட்டும் ஏன் வருகிறது என்பதே நம் பதில். படைக்குத் திரும்ப அழைக்கும் உரிமையை வைத்துக்கொண்டு கொடுக்கும் தொகைக்கு ஒரு நிபந்தனை போடுவதையாவது ஒருவாறு புரிந்துகொள்ளலாம். பொதுப் பணத்திலிருந்து ஏழைகளுக்குத் தரும் உதவியை நாட்டுக்குள் வசிப்போரோடு நிறுத்துவதையும் ஒப்புக்கொள்ளலாம். உழைத்துக் கட்டிய வரிக்கும், சேவையில் இழந்த அங்கத்துக்கும் ஈடாக வருவது அப்படிப்பட்டதன்று. அது கடன். கடன் கொடுத்தவன் ஊர் மாறினான் என்பதற்காகக் கடன் தள்ளுபடியாவதில்லை.

ஆகவே, கடல் கடந்து உழைக்கும் நம்மவர்கள் சில விஷயங்களில் விழிப்பாக இருக்க வேண்டும். பிரஜா உரிமையைத் துறக்கும் பத்திரத்தில் கையெழுத்திடுமுன், தமக்கும் தம் மனைவிக்கும் வரவேண்டிய சம்பளம் என்னவாகும் என்று எழுத்து மூலம் கேட்டறிய வேண்டும். இரண்டாவது உரிமையைப் பெறுவது ஒன்று, முதலாவதைத் துறப்பது வேறொன்று என்பதை ஒருபோதும் மறக்கலாகாது. எத்தனை காலாண்டுக் கணக்குச் சேர்ந்திருக்கிறது என்று பார்க்காமல் ஊர் திரும்பக் கூடாது. தனி மனிதருடைய எச்சரிக்கை இவ்வளவே செய்யும். மிச்சம் பொது ஜனங்களின் வேலை. அமெரிக்காவோடு உழைப்பைக் கூட்டிக் கணக்கிடும் உடன்படிக்கை வேண்டுமென்று இந்திய சர்க்காரை வற்புறுத்துவது தொழிற்சங்கங்களுக்கும் சட்டசபை அங்கத்தினர்களுக்கும் உரிய கடமை. பிலிப்பைன் வீரர்கள் அறுபத்துமூன்று வருஷம் காத்திருந்தார்கள். அவர்களில் பலர் தொகை வருமுன் மண்ணாகிவிட்டார்கள். நம் தொழிலாளரின் முதுமை அவ்வளவு காலம் காத்திராது.